மூன்று பேராக நிற்காத படம்

தெற்குமடையில் ஆளோ பொருளோ கடைசியாக எடுத்த போட்டோவில் எப்படி விழுந்ததோ, அடுத்த போட்டோ எடுக்கும்வரை அப்படியேதான் இருக்கும். அதனால் அந்த ஊர்க்காரர்கள் கண்ட இடத்தில் நின்று பல்லைக் காட்டுவதில்லை. முடிவெட்டி, முகம் கழுவி, நல்ல வெயிலாகப் பார்த்து, கை பழகின ஆளிடம் மட்டும்தான் நிற்பார்கள். பூபாலனுக்குக் கை பழகவில்லை. டைல்ஸ் கடையில் வேலை பார்க்கிறவன், பழைய கேமரா ஒன்று மலிவாக வருகிறதே என்று வாங்கிவிட்டான். அவன் ஆசை அவனுக்கு.

கேமராவின் தலையில் ஆட்டோ, ஏ, எஸ், எம் என்று எழுதிய ஒரு திருகு இருந்தது. ஆட்டோவில் வைத்தால் எல்லாம் கேமராவின் இஷ்டம். ஏ-யில் வைத்தால் லென்ஸின் வாய் எவ்வளவு திறக்கவேண்டும் என்று நாம் சொல்லலாம். எவ்வளவு நேரம் திறந்திருப்பது என்பதைக் கேமரா பார்த்துக்கொள்ளும். எஸ்-இல் நேரம் நம் கையில், வாய் அதன் கையில். எம்-இல் இரண்டும் நம் தலையில். வாயை அகலத் திறந்தால் முன்னால் நிற்பவர் பளிச்சென்று விழுவார், பின்னால் இருப்பதெல்லாம் அழகாகக் கரைந்துபோகும் என்று விற்றவன் சொல்லியிருந்தான். பின்னால் யாரையும் நிறுத்தாதே என்று அந்தப் புண்ணியவான் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மனைவி வடிவையும், கைக்குழந்தையோடு வந்திருந்த தங்கை கோமதியையும் மொட்டைமாடியில் நிறுத்தினான். குழந்தையைச் சேர்த்தால் மூன்று பேர். மூன்று பேராக நின்று படம் எடுத்தால் ஒருத்தருக்கு ஆகாது, அது யாருக்குத்தான் தெரியாது? கோமதியே குழந்தையை வடிவின் கையில் கொடுத்துவிட்டு, "நான் தள்ளி நிக்கேன் மதினி" என்று தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனாள். போனவள் தொட்டிக்கு மறுபுறம் போயிருக்கலாம். போகவில்லை. பூபாலன் ஏ-யில் வைத்து, வாயை அகலத் திறந்து, அமுக்கினான்.

வடிவும் குழந்தையும் இமைமுடி எண்ணும்படி விழுந்தார்கள். கோமதி மங்கலாக விழுந்தாள், மங்கலாகவே படியிறங்கி வந்தாள். சேலை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. முகம் இருக்கவேண்டிய இடத்தில் மாநிறமாக ஏதோ இருந்தது. தொட்டியும்தான் மங்கிப்போனது. தண்ணீர் வந்துகொண்டிருந்ததால் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

குழந்தை கண்டுகொண்டது. அந்த மங்கலிடம் போகமாட்டேன் என்று வீறிட்டது. மாரில் வைத்தால் முகத்தைத் திருப்பியது. புட்டிப்பாலையும் துப்பியது. பொழுது சாய்வதற்குள் அழவும் வலுவில்லாமல் முனகத் தொடங்கியது. கோமதிக்குப் பால் கட்டிக்கொண்டு வலியில் உயிர்போயிற்று. அதைவிட, பெற்ற பிள்ளை தன்னைப் பார்த்துப் பயப்படுவதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலையிலேயே, திரும்ப எடுத்துவிடலாம் என்று மாடிக்கு ஏறினார்கள். மேகம் போட்டிருந்தது. குறி பிடித்துக்கொள்ள கோமதியிடம் ஒரு விளிம்புகூட இல்லாததால், கேமரா அவளைத் தாண்டிப் போய்ப் படிக்கட்டுக் கதவின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டது. வாயை ஊசித்துளையாகச் சுருக்கினால் முன்னும் பின்னும் எல்லாமே தெளிவாக விழுமே என்று பூபாலன் ஏ-யில் வைத்துச் சுருக்கினான். வாய் சிறுத்ததால் கேமரா நேரத்தை நீட்டியது. அசையாமல் நில் என்றான். நின்றாள். அதற்குள் கீழே குழந்தை முனகியது. பெற்றவள் எப்படி நிற்பாள்? ஓரடி எடுத்து வைத்துவிட்டாள். படத்தில் பாதிதான் விழுந்தாள். அவள் வயிற்றுக்குள்ளாகத் தாழ்ப்பாள் தெரிந்தது.

எஸ்-இல் வைத்து நேரத்தைக் குறுக்கினான். கேமரா தன்பாட்டுக்கு வாயை அகலத் திறந்துகொண்டது. பாதியாக இருந்தவள் முழுதானாள், மங்கல் போகவில்லை. கொடியில் கிடந்த ஈரத்துண்டிலிருந்து சொட்டிய துளி ஒன்று மட்டும் அந்தரத்தில் அப்படியே நின்றுவிட்டது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேலே வந்த வடிவு அதில் தலை இடிக்காமல் குனிந்து வந்தாள். பூபாலனுக்கு அழுகை வந்தது. அழுதான்.

எம்-இல் வைத்து இரண்டையும் நீங்களே சொல்லுங்கள், அதனிடம் எதற்குக் கேட்கவேண்டும் என்றாள் வடிவு. வாயும் சிறுசு, நேரமும் கொஞ்சம் என்றால் வெளிச்சம் போதாது, இருட்டாகத்தான் விழும் என்றான் அவன். விழட்டும், அதற்கு லைட் இருக்கிறதே என்றாள். ஆனால் தாய் இருட்டிலும் பிள்ளை பளிச்சென்றும் இருந்தால் பிள்ளை இன்னும் மிரளும். இரண்டு பேரும் ஒரே படத்தில் விழவேண்டும். பிள்ளையோ தாயிடம் போகாது, வடிவுதான் வைத்துக்கொண்டு நிற்கவேண்டும்.

"மூணு பேராயிருமே மதினி" என்றாள் கோமதி.

"ஒருத்தருக்கு ஆகாதுன்னா எனக்கு ஆகாமப் போகட்டும். பிள்ளை முதல்ல குடிக்கட்டும்."

பூபாலன் அமுக்கினான். மாடி இருட்டியது. காகம் ஒன்று கூட்டைத் தேடிக்கொண்டு போனது. இருட்டில் மங்கல் என்ன, தெளிவு என்ன? வடிவின் கையிலிருந்து குழந்தை மணம் பிடித்துத் தாவிப் போனது. கொஞ்ச நேரத்தில், அது மடக்கு மடக்காகக் குடிக்கும் சத்தம் கேட்டது. கோமதி விம்மினாள்.

அவர்கள் இறங்கியபோது இருட்டும் கூடவே இறங்கியது. வடிவு டியூப்லைட்டைப் போட்டாள். கோமதியின் மூக்கோரத்து மச்சம்வரை தெளிவாகத் தெரிந்தது. குழந்தை குடித்துக்கொண்டே அண்ணாந்து அவள் முகத்தைப் பார்த்தது, சிரித்தது, மறுபடி குடித்தது.

வடிவு அடுப்படிக்குப் போய் உலை வைத்தாள். அவளுக்கு ஆகாமல் போய்விடுமோ என்று பூபாலனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கேமராவை எடுத்து, அந்தக் கறுப்புப் படத்தின் வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பார்த்தான். வடிவு, குழந்தை, கோமதி. கோமதியின் தோளில் கையை வைத்தபடி, அகலக்கரைச் சேலையில் ஈரத் தலையோடு, மாடியில் யாரும் பார்த்திராத இன்னொருத்தி. நன்றாகத் தெளிவாக விழுந்திருந்தாள்.

"வடிவு, மூணு பேரு இல்ல. நாலு பேரு" என்றான்.

வடிவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்த நாலாவது ஆளுக்கென்று இன்னொரு ஆழாக்கு அரிசியைக் களைந்து போட்டாள். மாடியில் இருட்டாக இருக்குமே, அவள் பார்த்து இறங்கி வரட்டும் என்று படிக்கட்டு லைட்டையும் போட்டுவைத்தாள்.