முன்னாள் பெயர்

திருச்செங்கோட்டில் பெயின்டர் பட்டறை வாசலில் போர் போடும் அந்த ரிக் வண்டி நின்றது. 'தமிழ்ச்செல்வி போர்வெல்ஸ்' என்ற என் பெயர்மேல் வெள்ளை பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். என் நகையை விற்று வாங்கிய முதல் வண்டி. அதற்காகத்தான் அன்றைக்கு என் புருஷனாக இருந்த முருகானந்தம் கம்பெனிக்கே என் பெயரை வைத்தான். இப்போது விவாகரத்து வாங்கி, மோனிஷாவைக் கட்டிக்கொண்டு, கம்பெனிக்கும் அவள் பெயரை வைத்துவிட்டான். கட்டினவளைத் தள்ளியது போதாதா, பெயரையும் துடைக்க வேண்டுமா?

அடுத்த வாரம் ஒரு கடிதம் வந்தது. கம்பெனி யார்டுக்குள் நான் கால் வைக்கக் கூடாதாம். கீழே புது டைரக்டர் மோனிஷாவின் கையெழுத்து. மேலே பளபளவென்று புதுப் பெயர், பக்கத்தில் ரோஜாப்பூ வேறு. கிழிக்கப் போனவள், மனசு மாறி ஆடிட்டர் வெள்ளியங்கிரியிடம் கொண்டுபோனேன்.

அவர் விஷயத்தைப் படிக்கவேயில்லை. தலைப்பை மட்டும் பார்த்தார்.

"பிரைவேட் லிமிடெட் கம்பெனிங்க அம்மணி. பதிவு நம்பர், ஆபீஸ் விலாசம், போன், மெயில் எல்லாம் லெட்டர்ல இருக்கோணும். ஒண்ணையும் காணோமுங்க. அதைவிட, பேரு மாத்தி ரெண்டு வருசம் வரைக்கும் புதுப் பேரோட பழைய பேரையும் போட்டே ஆகோணும். லெட்டர்ல, பில்லுல, ஆபீஸ் போர்டுல."

"போடலீன்னா?"

"நாளுக்கு ஆயிரம் அபராதமுங்க, லட்சம் வரைக்கும். கம்பெனிக்குத் தனி, டைரக்டருக்குத் தனி."

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைத்தான் ஸ்டாம்பு ஒட்டி எனக்கு அனுப்பியிருந்தார்கள். அன்றைக்கே கம்பெனிப் பதிவாளருக்குப் புகார் எழுதினேன்.

நோட்டீஸ் போனதும் முருகானந்தம் ஓடிவந்தான். நான் உள்ளே கூப்பிடவில்லை.

"வாபஸ் வாங்கிக்க புள்ள. என்ன வேணுமோ கேளு."

"ஒண்ணும் வேண்டாமுங்க. எம் பேரப் போடுங்க."

போட்டான். போர்டில், பில்லில், கடிதத்தில், மோனிஷாவின் பெயருக்கு அடியில் 'முன்னாள் பெயர்' என்று என் பெயர். ஆபீஸுக்கு எதிர்ச்சாரி டீக்கடையில் உட்கார்ந்து கண்குளிரப் பார்த்துவிட்டு வந்தேன்.

சில நாளில் மோனிஷாவே போன் செய்தாள்.

"அக்கா, வாரவங்க எல்லாம் அது ஆருன்னு கேக்கறாங்க. ஒவ்வொரு லெட்டர்லயும் உங்க பேரப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடறேன். எடுக்கச் சொல்லுங்கக்கா."

அழுதாள். எனக்கு இரக்கம் வரவில்லை. வந்ததாகப் பொய் சொல்லவும் மாட்டேன்.

"ரெண்டே வருசம், பொறுத்துக்க சாமி. அப்பறம் எம் பேரு போயிரும். நாளைக்கு அவரு உம் பேரையும் மாத்துவாரு. அன்னிக்கு அடியில எழுதோணும்னு நீயும் கேளு."