இஞ்சுரி என்றால் அநியாயம்

பிரேமலதா கேட்டது ஒரே ஒரு வார்த்தைக்கு இங்கிலீஷ். நான் அதைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் சாலையில், ஒரு மெடிக்கல் கடைக்கு மேலே, ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அந்தத் திமிர் எனக்கு உண்டு.

பிரேமலதா எப்போதும் வலது கையைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டுதான் உட்காருவாள். அன்றைக்கு எழுந்து, "இன்டர்வியூல என் கையைப் பார்த்துட்டு என்ன ஆச்சுன்னு கேட்டா எப்படி மிஸ் சொல்றது?" என்றாள்.

"என்ன ஆச்சு?"

"மெஷின் கடிச்சிருச்சு மிஸ்."

துப்பட்டாவை விலக்கினாள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதியோடு முடிந்திருந்தன.

"மெஷினுக்கு ஊசி போட்டாங்களா?" என்றான் கடைசி பெஞ்சு சரத்குமார்.

"சரத், வெளிய போறியா?"

"சாரி மிஸ். சாரிக்கா, சும்மா சொன்னேன்."

எனக்குக் கோபம் அவன்மேல் இல்லை. மெஷின் கடித்துவிட்டது என்று நாய் கடித்ததைப் போல இவள் சொல்கிறாளே, அதன்மேல். போர்டில் 'இஞ்சுரி' என்று பெரிதாக எழுதினேன்.

"இது லத்தீன்லேர்ந்து வந்தது. முன்னாடி இருக்கற 'இன்'னுக்கு இல்லைன்னு அர்த்தம். மீதிக்கு நியாயம், உரிமைன்னு அர்த்தம். சேர்த்தா அநியாயம். இங்கிலீஷ்ல மொதல்ல இதுக்குப் பொருள் ஒருத்தர் இன்னொருத்தருக்குச் செய்யற அநியாயம்தான். ரத்தமும் கட்டும் அப்புறமா வந்து ஒட்டிக்கிட்டது."

"அப்ப யாராச்சும் செஞ்சாத்தான் இஞ்சுரியா மிஸ்?"

இல்லை. இன்றைக்குப் படியில் தடுக்கி விழுந்தாலும் இஞ்சுரிதான். எனக்கு அது தெரியும். ஆனால் வகுப்பே என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆமா. மெஷின் கடிக்காது. யாரு செஞ்சாங்கன்னு கேளு," என்றேன்.

கேட்டுவிட்டாள். சில வாரம் கழித்து வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்தாள். "லேபர் ஆபீஸ்ல மனு கொடுத்துட்டேன் மிஸ். செவ்வாய்க்கிழமை விசாரணை. பட்டனை நானே கட்டிக்கிட்டேன்னு முதலாளி சொல்றாரு."

"என்ன பட்டன்?"

"தகடு வெட்டற பவர் பிரஸ்ல ரெண்டு பட்டன் இருக்கும். ரெண்டு கையாலயும் அமுக்கினாத்தான் பிரஸ் இறங்கும். கை உள்ள மாட்டிக்கக் கூடாதுன்னு அப்படி. ஒண்ணைத் துணி வச்சு இறுக்கிக் கட்டிட்டா ஒரு கை போதும். இன்னொரு கையால தகடு தள்ளிக்கிட்டே இருக்கலாம், வேலை வேகமா ஓடும். அன்னிக்கு நான் தள்ளிட்டிருக்கறப்பவே இறங்கிருச்சு."

"யாரு கட்டுனது?"

"மெஷினைச் சரிபண்ணிக் கொடுக்கற செட்டர். தர்மராஜ்னு பேரு. காலைல எல்லா மெஷின்லயும் கட்டிட்டுத்தான் அவரு டீயே குடிப்பாரு."

"எந்த ஷெட்?"

துவாக்குடியில் ஒரு ஷெட்டின் பெயரைச் சொன்னாள். பிளஸ் டூ படிக்கும்வரை நான் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோன ஷெட். தர்மராஜ் என் அப்பா.

அதைச் சொல்லவில்லை. "சாட்சி யாராவது இருக்காங்களா?" என்று கேட்டேன், வக்கீல் மாதிரி.

"யாரு மிஸ் வருவாங்க? எனக்கு அங்க பேச வராது. நீங்க கூட வாங்க மிஸ்."

"வரேன்."

திருவெறும்பூர் வீட்டில் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"பிரேமலதாவைத் தெரியுமாப்பா?"

பிசைந்த கை நின்றது. "யாரு சொன்னா?"

"பட்டனைக் கட்டுனது நீங்கதானே?"

"முதலாளி சொன்னாரு, கட்டுனேன். கட்டலைன்னா டார்கெட் வராது. எல்லா ஷெட்லயும் இதான் நடக்குது."

"ஆயுத பூஜைக்கு ஒரு மெஷினுக்கு மட்டும் ரெண்டு பூசணிக்காய் உடைச்சீங்களே, அது இவ மெஷின்தானே? அதுவும் டார்கெட்டா?"

"டார்கெட் வந்தாத்தான் எனக்கு இன்சென்டிவ். அதுலதான் நீ இங்கிலீஷ் படிச்ச. பேச வந்துட்டா."

சில்லறை தராத கண்டக்டரோடு சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் சண்டை போட்டுக்கொண்டு போகிறவள் நான். அன்றைக்கு என் குரல் கீழே போய்விட்டது.

"செவ்வாய்க்கிழமை உண்மையைச் சொல்லிருங்கப்பா."

"சொன்னா வேலை போயிரும். கேஸு என் தலையில விழும். முதலாளி என்னைத்தான் சாட்சிக்கு வரச் சொல்லியிருக்காரு."

"போய் என்ன சொல்லப் போறீங்க?"

தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார்.

எனக்குக் காய்ச்சல், வர முடியாது என்று திங்கட்கிழமை பிரேமலதாவுக்கு ஒரு மெசேஜ் டைப் செய்தேன். அழித்தேன். மறுபடி டைப் செய்தேன். அனுப்பவில்லை என்பதற்காக என்னை நல்லவள் என்று நினைத்துவிட வேண்டாம். அனுப்பினால் அவள் வீடு தேடி வந்துவிடுவாளோ என்ற பயம்தான்.

விசாரணை அறையில் ஷெட் மேனேஜருக்குப் பக்கத்தில் அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிரேமலதா என் கையைப் பிடித்திருந்தாள். "அவருதான் மிஸ் தர்மராஜ் அண்ணன். அன்னிக்குத் தன் துண்டைக் கிழிச்சு என் கையைக் கட்டுனதும் அவருதான்."

"அவரு எங்கப்பா."

கையை எடுத்துவிட்டாள். "எப்பத் தெரியும்?"

"நீ பேரைச் சொன்னப்பவே."

"யாரு செஞ்சாங்கன்னு கேளுன்னு எனக்குச் சொன்னீங்க. தெரிஞ்சப்புறம் என்கிட்ட ஏன் மிஸ் சொல்லலை?"

அவள் ஒரு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தாள்.

அதிகாரி விசாரணையை ஆரம்பித்ததும் மேனேஜர் முந்திக்கொண்டார். "அந்தப் பொண்ணே கட்டிக்கிட்டதுதான் சார். செட்டர் வந்திருக்காரு, நீங்களே கேளுங்க."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "நீங்க யாரும்மா? அந்தப் பொண்ணுக்கு நீங்க என்ன வேணும்?"

எழுந்தேன். லத்தீன் வரவில்லை. இங்கிலீஷ் வரவில்லை.

"பட்டனைக் கட்டுனவரோட பொண்ணு சார்."

"என்ன சார், யாரோ வந்து என்னமோ உளர்றாங்க," என்று மேனேஜர் சிரித்தார்.

அதிகாரி அப்பாவைப் பார்த்தார். "இவங்களைத் தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது என்று சொல்லிவிடுங்கள் அப்பா. அந்த ஒரு நொடி சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். பிரேமலதா அங்கேயே உட்கார்ந்திருக்க, அப்படித்தான் நினைத்தேன்.

அப்பா எழுந்து நின்றார்.

"என் பொண்ணுதான் சார்," என்றார். "அவ சொல்றது சரி. நான்தான் கட்டுனேன். கட்டச் சொன்னது முதலாளி."

மேனேஜர் போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார். பிரேமலதா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன். உட்காரு என்று யாரும் சொல்லவில்லை.