மஞ்சள் அட்டையில் இரண்டுகள்

டெலியாவின் மஞ்சள் அட்டையில் ஆறு வாரமாக ஏறக்குறைய எல்லாமே இரண்டுகள்தான். ஒவ்வொரு பாடவேளையிலும் அவள் நடந்துகொள்வதற்கு வகுப்பாசிரியர் நான் போடும் மதிப்பெண் அது: ஒழுங்காக இருந்தால் இரண்டு, பாதிக்குப் பாதி என்றால் ஒன்று, இல்லையென்றால் பூஜ்ஜியம். நான்காம் வகுப்பின் இருபத்தாறு பிள்ளைகளையும் பனிக்கோட்டுக்குள் திணித்துப் பேருந்துக்கு அனுப்பும் நேரத்தில், அட்டை முழுவதையும் ஒரே மூச்சில் நிரப்பிவிடுவேன். பூஜ்ஜியத்தைப் பார்த்தால் அவள் அழுவாள். அழுது முடிப்பதற்குள் பேருந்து போய்விடும்.

வியாழக்கிழமை காலைக் கூட்டத்தில் துணை முதல்வர் ராய்ஸ் மடிக்கணினியை எங்கள் பக்கம் திருப்பினார்.

“தொண்ணூத்தி நாலு சதவீதம்! கலக்கிட்டீங்க மிஸ் ஹால்வர்சன். எண்பதைத் தாண்டினாலே பக்கத்துல ஆள் தேவையில்லன்னுதான் விதி. திங்கட்கிழமையிலேருந்து மார்லிஸை ஒண்ணாம் வகுப்புக்கு அனுப்பிடலாம்.”

மார்லிஸ்தான் நாள் முழுவதும் டெலியாவின் பக்கத்தில் உட்காரும் உதவியாளர். அவள் சட்டைக் கையை மேலே ஏற்றினாள்.

“நேத்து டெலியா இங்க கடிச்சா, ராய்ஸ். பல்லு எண்ணிப் பாக்கறீங்களா?”

“அட்டையில ரெண்டுன்னு இருக்கே?”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். வெளியே பனி வாரும் வண்டி தெருமுனை வரை போய்த் திரும்பியது.

“நான் பாக்காம போட்டது அது,” என்றேன். “எல்லாமே.”

“ஆறு வாரமுமா?”

“ஆறு வாரமும்.”

ராய்ஸ் கண்களைத் தேய்த்துக்கொண்டார். அவரும் சரியாகத் தூங்கி நாளாகியிருக்கும். “மூணு வாரம் உண்மையான அட்டை கொண்டாங்க. அதுவரைக்கும் மார்லிஸ் காலையில மட்டும் உங்களுக்கு. பள்ளிக்கே இருக்கறது ரெண்டு உதவியாளர், நான் என்ன பண்ண?”

நடைவழியில் மார்லிஸ் சொன்னாள்: “நல்லது பண்றேன்னு என்னையே கழட்டி விடப் பாத்தியேம்மா.”

“நல்லதெல்லாம் இல்ல, மார்லிஸ். முடியல, அவ்வளவுதான்.”

அன்று கடைசிப் பாடமான கணக்கு வேளை முழுவதும் டெலியா மேஜைக்கு அடியில் இருந்தாள். மணியடித்ததும் அட்டையை நீட்டினாள். கணக்குக்கு நேரே பூஜ்ஜியம் போட்டேன்.

“ஜீரோவா? நேத்து கடிச்சேனே, அதுக்கே ரெண்டு போட்டீங்க!”

“நேத்து தப்பா போட்டேன்.”

“என் மேல கோவமா மிஸ்?”

“இல்லம்மா. நடந்ததை எழுதலேன்னா மார்லிஸை அனுப்பிடுவாங்க.”

அவள் அழத் தொடங்கினாள். பேருந்து இரண்டு முறை ஒலி எழுப்பிவிட்டுக் கிளம்பியது. நான் கோட்டைக் கழற்றிவிட்டு அவளுடைய அம்மாவின் வேலையிடத்துக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. டெலியா மூக்கைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“நாளைக்கும் ஜீரோவா?”

“தெரியாது. பாத்துட்டுதான் போடுவேன்.”