ஜஹானாவின் மாம்பழக் கோர்டியல்

மஸாஹிராவின் கணவர் நிஸாமுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிழுப்பு. சட்டைப் பையில் வாயில் அடிக்கும் பம்ப் இல்லாமல் வெளியே இறங்கமாட்டார். ஆனாலும் இந்த நோன்பு மாதத்தில் வந்தது போல் ஒருபோதும் வந்ததில்லை. நோன்பு திறந்த கொஞ்ச நேரத்திலேயே மூச்சு இறுகி, கதிரையில் சாய்ந்துவிடுவார். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் கடை, வாகனப் புகை, அதுதான் காரணம் என்பார். மஸாஹிராவுக்கு மனம் ஒப்பவில்லை. புகை காலையிலும்தானே இருக்கிறது?

ஒரு நாள் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு, நோன்பு திறக்க வைத்திருந்த பாக்கெட்டுகளையும், தண்ணீரில் கலந்து குடிக்கும் கோர்டியல் போத்தல்களையும் குசினி மேசையில் பரப்பினாள். லேபிள்களில் கண்ணுக்கு எட்டாத பொடி எழுத்து. எல்லாவற்றையும் போனில் படமெடுத்து ஏஐயிடம் கேட்டாள்: “இதுல இழுப்புக்காரருக்குக் கூடாதது ஏதாச்சும் ஈக்கா?”

சந்தேகப்படும்படி ஒன்றும் எழுதியிருக்கவில்லை என்றது அது. பிறகு ஒரு கேள்வி கேட்டது. மாம்பழக் கோர்டியலுக்குப் போட்டது புதுப் பழமா, வாங்கிய கூழா? வாங்கிய கூழில் பழுதாகாமலிருக்க சல்பைட் சேர்ப்பதுண்டு. இழுப்புக்காரர் சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது. இதுதான் காரணமென்று தன்னால் சொல்ல முடியாது, கூழின் லேபிளைப் பார்த்துவிட்டு டொக்டரிடம் பேசுங்கள் என்றது.

மஸாஹிராவுக்குத் திக்கென்றது. கோர்டியல் அவளுடைய ராத்தா, கூடப் பிறந்த மூத்தவள் ஜஹானா செய்தது. திகனயில் வீட்டிலேயே செய்து விற்கிறாள். வருஷத்தின் பெரிய வியாபாரம் நோன்பில்தான்.

மறுநாள் பஸ் ஏறிப் போனாள். சுற்றிவளைக்காமல் விஷயத்தைச் சொன்னாள். ஜஹானாவின் முகம் கறுத்தது.

“என்ட கையால செஞ்சதக் குடிச்சா மச்சானுக்கு இழுப்பு? போன் சொல்லிச்சா?”

“போன் முடிவாச் சொல்லல்ல ராத்தா. கூழ் டின்னப் பாக்கச் சொல்லிச்சி.”

ஜஹானா டின்னை இழுத்து வைத்தாள். லேபிள் முழுக்கப் பழச்சாறு வழிந்து காய்ந்திருந்தது. படத்தைப் பார்த்த ஏஐ, பழுதாகாமலிருக்கச் சேர்த்ததன் எண் 202 போலத் தெரிகிறது, அது சல்பைட் அல்ல, ஆனால் படம் தெளிவில்லை என்றது.

“பாத்தியா!” என்றாள் ஜஹானா.

மஸாஹிரா ஈரத்துணியால் லேபிளைத் துடைத்தாள். ஜஹானா டின்னைப் பிடுங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, தானே வாசித்தாள். 202 இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே 223. அது சல்பைட்தான் என்றது ஏஐ.

“நான் போடல்லயே, மஸா.”

“நீங்க போடல்ல. கூழ்ல ஈந்தது ஒங்களுக்குத் தெரியாது.”

ஜஹானா சுவரோரம் அடுக்கியிருந்த போத்தல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இன்னும் ஆராருக்குக் குடுத்தீக்கிறேனோ, அல்லாஹ்” என்றவள், போனை எடுத்து வாங்கினவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிடத் தொடங்கினாள். இரண்டு பேர் ஓடரை நிறுத்திவிட்டார்கள். கடுகண்ணாவையில் ஒருத்தி, தன் மாமிக்கும் இழுப்பு இருக்கிறது, நல்ல வேளை சொன்னீர்கள் என்றாள்.

நிஸாமைப் பார்த்த கண்டி டொக்டர், இருக்கக்கூடிய காரணம்தான், கோர்டியலை விட்டுப் பார்ப்போம் என்றார். விட்ட பிறகு நோன்பு திறந்ததும் வரும் அந்த இறுக்கம் வரவில்லை. புகைக்கு எப்போதாவது வந்த இழுப்பை பம்ப் பார்த்துக்கொண்டது. ஜஹானாவின் புது லேபிளில் ‘சல்பைட் 223 உண்டு’ என்பது தமிழிலும் சிங்களத்திலும் பெரிதாக ஏறியது.

பெருநாளன்று ஜஹானா கட்டுகஸ்தோட்டைக்கு வந்தாள். தேசிக்காய் வாங்கி வந்து அங்கேயே பிழிந்து சாறு கலந்து, நிஸாமின் கையில் கிளாஸைக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“என்ன மதினி, என்ட நெஞ்சயே பாத்துக்கொண்டு ஈக்கிறீங்க?”

“நீங்க குடிங்க, மச்சான்” என்றாள் அவள், கண்ணை எடுக்காமல்.