பதினோராம் மாடிக்கு அக்கா

"நீ போடா, நான் வந்துக்கறேன்" என்று அக்கா லிஃப்ட் கதவைப் பார்த்தபடியே சொன்னாள். காலை ஏழு மணி. கட்டடத்துக்குள் வேறு யாரும் வந்திருக்கவில்லை. அவள் பதினோராம் மாடி அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவள். ஒன்பது வருடமாகப் படியேறியே வேலைக்குப் போனவள். முட்டியில் அறுவைசிகிச்சை ஆன பிறகு இனி படியே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். விடுப்பு முடிந்து இன்றுதான் முதல் நாள். லிஃப்டில் ஏறினால் வேலை, இல்லையென்றால் வீடு.

நான் அதே கட்டடத்தின் கண்ணாடிகளை வெளியே கயிற்றில் தொங்கித் துடைப்பவன். கூட வேலை செய்கிறவர்கள் எனக்கு வைத்த பெயர் பல்லி. உனக்குப் பயமே கிடையாதா என்று எல்லாரும் கேட்பார்கள். ஏன் இல்லாமல்? மொட்டைமாடிச் சுவரைத் தாண்டிக் காலை வெளியே வைக்கும்போது தினமும் பயம் வரத்தான் செய்கிறது. அதனால்தான் முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறேன். கயிறு என் பாரத்தைத் தாங்கியதும் பயம் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போய்விடும், நானும் என் வேலையைப் பார்ப்பேன்.

அக்காவின் லிஃப்ட் பயமும் அதே சரக்குதான் என்று நினைத்துவிட்டேன். எங்கள் தொழிலில் புதிதாக வருகிறவர் விளிம்பில் தயங்கினால், மேஸ்திரி பேச்சுக் கொடுத்துக்கொண்டே லேசாக ஒரு தள்ளு தள்ளுவார். இரண்டடி இறங்கித் தொங்கியதும் ஆளுக்குச் சிரிப்பு வந்துவிடும். போன வருடம் அக்காவுக்கும் அதே வைத்தியம் செய்தேன். பேசிக்கொண்டே உள்ளே தள்ளி, நானும் ஏறி, பொத்தானை அமுக்கினேன். மூன்றாம் மாடி வருவதற்குள் மூச்சு முட்டி, கதவைப் பிறாண்டி, தரையில் சரிந்துவிட்டாள். விரல்கள் விறைத்துப் போயிருந்தன. இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. எனக்கு அது வேண்டியதுதான்.

பிறகு அவளாகவே மனநல மருத்துவரிடம் போனாள். ஒரு நாள் என்னையும் வரச் சொன்னாள். அந்த டாக்டரம்மா என்னிடம், "கயிறு சரியா இருக்குன்னு பாத்துட்ட பிறகு உங்க பயம் என்ன ஆகும்?" என்று கேட்டார்.

"கொறஞ்சிடும் டாக்டர்."

"இவங்களுக்குக் கொறையாது. லிஃப்ட் பத்திரமானதுன்னு உங்களவிட இவங்களுக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சாலும் உடம்பு கேக்காது. ஒம்பது வருஷம் பதினோரு மாடி ஏறியிருக்காங்க பாருங்க, அதுதான் ஃபோபியா. தள்ளிவிட்டா போகாது. கொஞ்சம் கொஞ்சமாத்தான் போகும்."

கொஞ்சம் என்றால் எவ்வளவு கொஞ்சம் என்று அப்புறம்தான் பார்த்தேன். முதல் வாரம் லிஃப்டைப் பார்த்துக்கொண்டு நிற்பது மட்டும். அடுத்து ஒரு காலை உள்ளே வைத்து நூறு வரை எண்ணுவது. அதன் பிறகு நான் கூட நிற்க, ஒரே ஒரு மாடி. வெளியே வந்தபோது அவள் கடித்த உதட்டில் ரத்தம் இருந்தது. "நாளைக்கு ரெண்டு மாடிடா" என்றாள். இத்தனை வருடம் அந்தரத்தில் தொங்குகிற எனக்கு அந்த ஒரு மாடிக்கான தைரியம் கிடையாது. அவள் தம்பி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்ளத் தோன்றியது.

இதுவரை ஐந்து மாடிதான் ஏறியிருக்கிறாள். அதுவும் நான் பக்கத்தில் இருந்தபோது. தனியாக இன்றுதான்.

மேஸ்திரியிடம் கேட்டுப் பதினோராம் மாடி நடைகூடப் பக்கத்தை வாங்கிக்கொண்டு இறங்கினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் லிஃப்ட் கதவும், அதன் மேல் சிவப்பு எண்ணும் தெரிந்தன. வெகுநேரம் அது அசையவில்லை. பிறகு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தில் நின்றது.

நின்றது நின்றபடியே இருந்தது. கதவு திறந்திருக்கும். வெளியே வந்து சுவரில் சாய்ந்திருப்பாள். ஓடிப்போய்க் கையைப் பிடிக்க வேண்டும் போலிருந்தது. போகவில்லை.

"என்னய்யா பல்லி, அங்கயே ஒட்டிக்கிட்ட?" என்று மேலிருந்து மேஸ்திரி எட்டிப் பார்த்தார்.

"எங்க அக்கா வர்றாங்க மேஸ்திரி."

"எப்பிடி?"

"லிஃப்டுல."

"அதுல என்னய்யா அதிசயம்?"

என் மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கியிருந்தது. உள்ளங்கையால் துடைத்தேன். எண் ஆறாக மாறியது.