யானை வராத நாள்

2004ஆம் ஆண்டு, மனநல ஆய்வொன்றுக்காக றிஸ்மியா ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்துக் கிராமமொன்றில் வீடு வீடாகக் கேள்வி கேட்டாள். “இரவில் நன்றாக நித்திரை வருகிறதா?” என்ற கேள்விக்கு நாற்பது வீட்டாரும் இல்லை என்றார்கள். ஆய்வை நடத்திய யோகநாதன் தாள்களைப் பார்த்துத் திகைத்துப்போனார்.

“முழு ஊருக்குமே மனவருத்தம் போல கிடக்கு, பிள்ளை.”

“இல்லை சேர். வயலுக்குள்ள யானை வருது. சனம் விடிய விடிய காவல் இருக்குது. எங்கட கேள்விதான் பிழை.”

யானை வராத நாளிலும் நித்திரை இல்லையா என்ற கேள்வியை அவளே எழுதிச் சேர்த்துக்கொண்டு, மறுநாட் காலை மறுபடியும் சைக்கிளில் போனாள். முப்பத்தொரு வீடுகளில் சிரித்தார்கள். அன்றைக்கு அடித்துப்போட்டதுபோல் தூங்குவார்களாம்.

போரில் மகனை இழந்த விமலேஸ்வரி சிரிக்கவில்லை.

“யானை வந்தாலாவது வெடி கொளுத்துற வேலை இருக்கும், பிள்ளை. வராட்டித்தான் எனக்கு விடியிறதேயில்லை.”

றிஸ்மியா பேனையை மூடி வைத்துவிட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தாள். இன்னும் எட்டு வீடுகளில் அதே பதில் கிடைத்தது.

“இந்த ஒன்பது வீட்டிலயிருந்து தொடங்குவம்,” என்றார் யோகநாதன்.

அடுத்த கிழமை உளவள ஆலோசகரோடு றிஸ்மியா முதலில் போனது விமலேஸ்வரியிடம்தான்.