லிங்க்ஸ்கிரிஃபின் துப்பாக்கி

எங்கள் துப்பாக்கி சுடும் கிளப்பில் மெரிட் ஹாக்வுட் யாருடைய துப்பாக்கியையும் மதித்ததில்லை. மேசையில் இருப்பதை எட்டிப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், நகர்ந்துவிடுவார். முப்பத்தோரு வருஷம் ஊராரின் பல்லைப் பிடுங்கி ஓய்வு பெற்றவர். நூற்றுக்கு எண்பதை அவர் ஒருநாளும் தாண்டியதில்லை. அதற்கு எப்போதும் துப்பாக்கிதான் காரணம். கை காரணமே இல்லை.

ஒரு பிப்ரவரி மாதம் புதன்கிழமை லீக்குக்கு, ஜெர்மன் மொழியில் அச்சடித்த தாள் ஒன்றோடு வந்தார். சுவிட்சர்லாந்தில் ஓர் ஏலத்தில் பழைய பந்தயக் கைத்துப்பாக்கி எடுத்திருக்கிறாராம். ஒரு தடவைக்கு ஒரே குண்டு போடும் வகை. விரலும் உள்ளங்கையும் புதைந்து உட்காரும்படி, ஒரு கைக்கென்றே குடைந்த மரப்பிடி.

"நல்ல துப்பாக்கி. கண்டவன் வச்சிருந்தது இல்ல," என்று தாளில் ஒரு வார்த்தையைத் தட்டினார். "லிங்க்ஸ்கிரிஃப். பேரையே போட்டிருக்கான் பாரு. அந்தக் காலத்துல பெரிய ஆளு."

எங்களில் யாருக்கும் ஜெர்மன் தெரியாது. ஸ்கோர் எழுதுகிறவன் நான். "கேள்விப்பட்டதில்லையே டாக்டர்" என்றேன்.

"நீ எங்கேர்ந்து கேள்விப்படப் போற? இந்த ஒஹையோவத் தாண்டினதுண்டா?"

வில்டா ப்ரூனர் தாளை வாங்கிப் பார்த்தாள். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள், இடதுகைக்காரி, எங்களில் நன்றாகச் சுடுகிறவள். "டாக்டர், கட்டைவிரல் வைக்கிற மேடு அந்தப் பக்கம்ல இருக்கு? இது என் கைக்குத்தான் சேரும் போல."

"படத்தைத் திருப்பிப் போட்டிருக்கான். உன் பஸ் கண்ணாடியில எல்லாத்தையும் பக்கம் மாறிப் பாத்துப் பாத்து உனக்கு அப்படித் தெரியுது."

வில்டா தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காப்பி எடுக்கப் போனாள்.

இறக்குமதி உரிமம் வைத்திருந்த ஆர்லோ டெங்க் என்ற வியாபாரி மூலமாக விண்ணப்பம் போயிற்று. இங்கே அனுமதி வரவேண்டும், அங்கே ஏற்றுமதிக்கு அனுமதி வரவேண்டும், பிறகு சுங்கம். எட்டு மாதம் ஓடியது. அதற்குள் மெரிட்டின் வாயில் லிங்க்ஸ்கிரிஃப் வளர்ந்துவிட்டார். மார்ச்சில் அவர் தேசிய அணியில் இருந்தார். ஜூனில் வெள்ளிப் பதக்கம் வாங்கினார். ஆகஸ்டில் மலையேறப் போய் விழுந்து செத்தார். மெரிட் இதையெல்லாம் பார்த்தவர் மாதிரி சொல்லுவார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த மலைக் கதையை நானே என் மைத்துனனுக்குச் சொல்லியிருக்கிறேன்.

அக்டோபரில் பெட்டி ஆர்லோ கடைக்கு வந்து சேர்ந்தது. சாட்சிக்கு ஆள் வேண்டுமென்று மெரிட் எங்களில் ஆறு பேரை வரச் சொன்னார். கையெழுத்தெல்லாம் போட்டு முடித்ததும் ஆர்லோ பெட்டியைத் திறந்தார். துப்பாக்கி நிஜமாகவே அழகுதான். மெரிட் வலது கையை நீட்டிப் பிடித்தார். கை உள்ளே போகவில்லை. விரல் போகவேண்டிய இடத்தில் மரம் மேடாக இருந்தது. மணிக்கட்டைத் திருப்பினார். சுண்டுவிரலை மட்டும் நுழைத்துப் பார்த்தார். கோட்டைக் கழற்றிவிட்டு மறுபடி முயன்றார்.

ஆர்லோ குழம்பிப்போனார். "டாக்டர், நீங்க இடதுகைக்காரர் இல்லையா?"

"யார் சொன்னது?"

"விண்ணப்பத்தோட வைக்கணும்னு ரசீதை மொழிபெயர்க்கக் குடுத்தேன். லிங்க்ஸ்கிரிஃப்னா இடதுகைப் பிடின்னு வந்துச்சு. தெரிஞ்சுதானே வாங்கறீங்கன்னு இருந்துட்டேன்."

மெரிட் விரலை மரத்திலிருந்து உருவினார்.

"அப்போ மலையிலேர்ந்து விழுந்தது யாரு டாக்டர்?" என்றாள் வில்டா.

ஆர்லோவின் கடையில் அன்றுபோல் யாரும் சிரித்திருக்கமாட்டார்கள். கடைசிவரை சிரித்தது நான்தான். மெரிட் கோட்டை மாட்டிக்கொண்டு, பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் காருக்குப் போனார்.

மூன்று புதன்கிழமை அவர் வரவில்லை. வெட்கத்தில் கிளப்பை விட்டுவிட்டார் என்று பந்தயம் கட்டினோம். நான்காவது புதன் வந்தார். மரப்பிடியைக் கழற்றிவிட்டு, பல்செட் செய்கிற ரோஸ் நிறப் பசையில் தன் வலது கைக்கு ஒரு பிடி வார்த்திருந்தார். பார்க்க அருவருப்பாக இருந்தது.

"ஈறு வீங்கியிருக்கே, யார்ட்டயாவது காட்டக் கூடாதா?" என்றாள் வில்டா.

அவர் கையை நீட்டிச் சுட்டார். எண்பத்தாறு. சந்தேகப்பட்டு இரண்டு தடவை எண்ணினேன். எண்பத்தாறுதான்.

வில்டா அந்தக் குறி அட்டையை எடுத்துப் பார்த்தாள். "அந்த மரப்பிடி எங்க?"

"வீட்ல இருக்கு. எதுக்கு?"

"அடுத்த வாரம் எடுத்துட்டு வாங்க. நீங்க முடிச்சதும் நான் ஒரு சுத்து சுட்டுப் பாக்கறேன்."

உதட்டைப் பிதுக்கப் போகிறார் என்று காத்திருந்தோம். அவர் ரோஸ் பிடியைத் தடவிக்கொண்டு, "ஒரே ஒரு திருகாணிதான். மாத்த ரெண்டு நிமிஷம் ஆகும்" என்றார்.

அடுத்த வாரம் அவரே குனிந்து பிடியை மாற்றிக் கொடுத்தார். வில்டாவின் இடது கை அதற்குள் போய், அங்கேயே பிறந்ததுபோல் உட்கார்ந்தது. தொண்ணூற்றேழு சுட்டாள். கிளப்பில் அதற்குமுன் யாரும் தொடாத எண்.

மெரிட் என் தோள்மேல் எட்டி, நான் எழுதுவதைப் பார்த்தார். "துப்பாக்கி நல்ல துப்பாக்கின்னு நான் பிப்ரவரியிலயே சொன்னேனா இல்லையா?"

சொன்னார்தான். எங்களுக்கு மனசு ஆறாமல் போனதும் அதுதான்.